பணத்தை வைத்துவிட்டுப் பந்தை அடுக்குங்கள்

மகா கனம் பொருந்திய தலைவர் அவர்களுக்கு,

தொழில்முறைப் பூல் ஆட்டத்தின் போட்டிகளுக்கு அங்கீகாரம் அளிக்கவும் மறுக்கவும் அதிகாரம் படைத்த ஸ்தானத்தில் தாங்கள் அமர்ந்திருப்பதாலும், அந்த ஸ்தானத்துக்கு நான் தனிப்பட எழுதிய விண்ணப்பங்களுக்குப் பதில் என்று ஒரு வரியேனும் வராததாலும், இனி எழுதுவதை நாலுபேர் அறிய எழுதுவதே முறை என்று தீர்மானித்து இந்த மடலை வரைகிறேன். சென்னையில் பந்தாட்ட மேசைகளுக்குத் துணி கட்டியும், ஆட்டக்காரர்களின் க்யூ கோல்களுக்குத் தோல் நுனி ஒட்டியும் ஜீவனம் நடத்தியவன் நான். இந்த வித்தையின்மீது அபிமானமும், இதை நம்பி வாழ்கிறவர்களின்மீது பரிவும் தவிர, தங்களோடு வாதிட எனக்கு வேறு யோக்கியதாம்சம் ஏதுமில்லை.

விதிகள் எவை, அவற்றில் எது எந்தப் பிரிவில் அடங்கும் என்பதைத் தங்களுக்கு எடுத்துரைக்க முற்படுவது அதிகப்பிரசங்கித்தனம். அவற்றை இயற்றியவர்களும் காக்கிறவர்களும் தாங்களே. அந்த விதிகளை நம்பி ஆட வருகிறவன் எப்படிப் பிழைக்கிறான் என்பதையும், அவனுக்கு ஒருமுறை பகிரங்கமாக இழைக்கப்பட்ட அக்கிரமத்தையும் மட்டுமே தங்கள் சமுகத்தில் வைக்கிறேன்.

பூல் ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளம் என்பது கிடையாது. போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் நுழைவுக் கட்டணம், விமானச் செலவு, விசாவுக்கான செலவு, விடுதி வாடகை, சாப்பாடு ஆகிய யாவற்றையும் தன் கையிலிருந்து முன்கூட்டியே கொடுத்துவிட்டு, தன்னை ஒத்த வித்தைக்காரர்கள் திரளாகக் கூடும் அரங்கில் நாட்கணக்கில் நின்றாடி, பிந்தைய சுற்றுகள்வரை எட்டினால்தான் அவன் போட்ட முதலேனும் அவனுக்குத் திரும்பும். முதல் இல்லாதவன் பணம் போடுகிறவர் ஒருவரைத் தேடிக்கொள்கிறான். அவர் கட்டணத்தையும் வழிச்செலவையும் ஏற்பார். வென்றால் வருவதில் பெரும்பாலும் பாதியை எடுத்துக்கொள்வார். தோற்றால் அடுத்த போட்டிக்கு அவர் வருவாரா என்பது நிச்சயமில்லை.

அமெரிக்கப் போட்டிகள் பலவற்றில், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பாக 'கல்கத்தா' எனப்படும் ஏலம் ஒன்று நடப்பது தாங்கள் அறியாததன்று. ஆட்டக்காரர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகக் கூவப்படும். பந்தயப் பிரியர்கள் போட்டி போட்டுக்கொண்டு கேட்பார்கள். திரண்ட தொகையானது, வெற்றி பெறுகிறவர்களை ஏலத்தில் எடுத்தவர்களுக்குப் பங்கிடப்படும். தன் பெயர் கூவப்படும்போது அந்த ஆட்டக்காரனும் சுவரோரமாக நின்றுகொண்டிருப்பான். ஏலம் முடிந்ததும் தன்னை எடுத்தவரிடம் சென்று, பாதி விலையைக் கொடுத்து, தன்னில் பாதியைத் தானே வாங்கிக்கொள்வான். தன் கைத்திறனில் தனக்கு ஒரு பங்கு வேண்டுமென்று, கடன் வாங்கிய பணத்தோடு பிறன் ஒருவன் எதிரில் நிற்கும் நிலை வேறெந்த விளையாட்டில் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை.

போட்டி மேசைகளின் விளக்குகள் அணைந்த பிறகு, மூலை மேசைகளில் விடியும்வரை பந்தய ஆட்டம் நடக்கும். அதைச் சூதென்று பழிக்கும் ஒழுக்கவாதிகளோடு எனக்கு உடன்பாடில்லை. முன்வாசலில் நியாயமான ஊதியம் கிடைக்காதவன் பின்வாசலில் போய் நிற்கிறான். பழி யாருடையது என்பதை யோசித்துவிட்டுத்தான் எவரும் பேச வேண்டும். அந்தப் பந்தய ஆட்டமும் எளிதன்று. கீர்த்தி வளர வளர வருமானம் சுருங்கும் விபரீதத் தொழில் அது. இன்னார் பெரிய ஆட்டக்காரர் என்று தெரிந்துவிட்டால் எதிரில் நிற்க ஆள் வரமாட்டான். வந்தாலும், தனக்குச் சில ஆட்டங்களையோ, ஒரு பந்தையோ சலுகையாக விட்டுக்கொடுக்கும்படி கேட்டுவிட்டே கோலைக் கையில் எடுப்பான். பிலிப்பைன்ஸ் நாட்டவரான எஃப்ரன் ரேயஸ் 1985-ல் டெக்ஸஸ் மாகாணத்து ஹூஸ்டன் நகருக்கு வந்தபோது, ஸீஸர் மொராலெஸ் என்ற புனைபெயரில் ஆடி வென்றார். உலகமே பின்னாளில் 'மந்திரவாதி' என்று கொண்டாடிய மனிதர், பிழைப்புக்காகத் தம் பெயரையே மறைத்துக்கொள்ள நேர்ந்தது.

பயிற்சி அளிப்பது, காட்சி ஆட்டம் ஆடுவது, கோல் செய்யும் கம்பெனியின் பெயரைச் சட்டையில் தைத்துக்கொள்வது, பந்தாட்டக் கூடம் ஒன்றில் மேசைகளைக் கவனித்துக்கொள்வது ஆகியவை மற்ற வழிகள். 1954-ல் ஒஹாயோ மாகாணத்து ஸ்பிரிங்ஃபீல்டில், தவறின்றித் தொடர்ச்சியாக 526 பந்துகளைப் பைகளில் வீழ்த்திய வில்லி மாஸ்கோனிகூட, பிரன்ஸ்விக் என்ற மேசைக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடித்தான் நிலையான வருமானம் கண்டார். வித்தையின் சிகரத்தில் இருந்தவர் கதி அது. நடுத்தரத்தில் நிற்பவன் கதியை நான் என் பணிமேசையிலேயே பார்த்திருக்கிறேன். வெளியூர்ப் போட்டிக்குப் புறப்படும் இளைஞன் ஒருவன் தன் கோலைக் கொண்டுவந்து நீட்டினான். அதன் தோல் நுனி ஓரங்களில் பிதுங்கி, நடுவே சப்பையாகி, சுண்ணம் பிடிக்காத அளவுக்கு இறுகிப் பளபளத்தது. புதுத்தோல் போட வேண்டும் என்றேன். கட்டணத்துக்கும் ரயிலுக்கும் கொடுத்தது போக மிஞ்சவில்லை, உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வட்டமாக்கிக் கொடுத்தால் போதும் அண்ணே என்றான். ஓரத்தைச் சீவி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிக் கொடுத்தேன். அந்தத் தேய்ந்த தோலோடு அவன் முதல் சுற்றில் ஆட வேண்டியிருந்தது. இப்படித் தன்னிடம் உள்ளதையெல்லாம் முன்னே வைத்துவிட்டு வருகிறவனுக்கு, அவன் முன்னே வைக்கப்பட்டது என்ன என்பதுதான் என் கேள்வி.

2006-ஆம் வருஷம் செப்டம்பரில் நெவாடா மாகாணத்து ரீனோ நகரில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். இன்டர்நேஷனல் பூல் டூர் என்ற ஸ்தாபனம், அதற்கு முந்தைய வருஷம் தோன்றியது. தொலைக்காட்சி விளம்பர வியாபாரத்தில் செல்வம் திரட்டிய கெவின் ட்ரூடோ அதை நிறுவினார். அந்த மனிதர், 2004-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தோடு ஏற்பட்ட வழக்கில் சமரசமாகி, இருபது லட்சம் டாலர் கட்டி, புத்தகம் போன்றவை தவிரப் பிற சரக்குகளை நெடுவிளம்பரங்களில் விற்பதில்லை என்ற தடையையும் ஏற்றுக்கொண்டவர் என்பது அப்போதே பகிரங்கமான செய்தி. எனினும் அவர் அறிவித்த தொகைகள் பூல் உலகம் கனவிலும் கண்டிராதவை. 2005 டிசம்பரில் ஆர்லாண்டோவில் வென்ற ரேயஸுக்கு 2,00,000 டாலர். 2006 ஜூலையில் லாஸ் வேகஸில் வென்ற ஜெர்மானியர் தார்ஸ்டன் ஹோமனுக்கு 3,50,000 டாலர். ரீனோ போட்டியின் மொத்தப் பரிசு 30 லட்சம் டாலர். அதில் முதலிடத்துக்கு மட்டும் 5 லட்சம். ஆயுளில் ஒரு தடவையாவது மனிதரைப்போல ஊதியம் பெறலாம் என்று நம்பி, கண்டம் விட்டுக் கண்டம் ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்.

இறுதி ஆட்டத்தில் ராட்னி மாரிஸை 8–6 என்ற கணக்கில் வென்றவர் எஃப்ரன் ரேயஸ். அப்போது அவருக்கு வயது 52. மணிலாவில் உறவினர் நடத்திய பந்தாட்டக் கூடத்தில் எடுபிடியாக வளர்ந்து, மேசை உயரம் எட்டாமல் கோக-கோலாப் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் ஏறி நின்று கற்றுக்கொண்டு, இரவில் அந்த மேசையின்மீதே படுத்துறங்கிய சிறுவன். 1994-ல் அமெரிக்கர் அல்லாதார் எவரும் அதுவரை வெல்லாத யூ.எஸ். ஓப்பனை வென்றவர், 1996-ல் ஹாங்காங்கில் 120 ஆட்டங்களை முதலில் எட்டுகிறவருக்கே முழுப்பணம் என்ற பந்தயத்தில் ஏர்ல் ஸ்டிரிக்லண்டை 120–117 என்று வென்று ஒரு லட்சம் டாலர் பெற்றவர், 1999-ல் கார்டிஃபில் உலகச் சாம்பியன் ஆனவர். அத்தனை வருஷ உழைப்புக்கும் ஈடாக, பூல் சரித்திரத்திலேயே அதுவரை இல்லாத பெரிய பரிசு அன்று அவர் பெயரால் அறிவிக்கப்பட்டது.

பணம் வரவில்லை. கெடு தள்ளிப்போயிற்று. ஸ்தாபனத்தை இணையச் சூதாட்ட வியாபாரத்தில் ஈடுபட்ட கம்பெனி ஒன்று வாங்கிக்கொள்ளும் என்ற ஏற்பாடு குலைந்தது; அக்டோபரில் இணையச் சூதாட்டத்துக்குப் பணம் செல்வதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் அமலுக்கு வந்தது; கையில் ரொக்கம் இல்லை, தவணை தவணையாகத்தான் தர இயலும் என்று ஆட்டக்காரர்களுக்குச் சொல்லப்பட்டது. அந்தத் தவணைகள் சிறுகச் சிறுக வந்தன என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் முதலிடக்காரர் பொறுத்திருக்கலாம். கடைசிச் சுற்றுகளுக்கு வெளியே நின்று, கடன் வாங்கிய விமானச் சீட்டோடு ஊர் திரும்பியவன் எதை வைத்துப் பொறுப்பான்? அவனுக்குப் பணம் போட்டவர் பொறுப்பாரா? வீட்டு வாடகை கேட்கிறவர் பொறுப்பாரா? ட்ரூடோ பின்னர் 2014-ல், பூலுக்குச் சம்பந்தமில்லாத வேறொரு நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காகப் பத்து வருஷச் சிறைத்தண்டனை பெற்றார். அதனால் எந்த ஆட்டக்காரனுடைய கடனும் அடையவில்லை.

தலைவர் அவர்களே, அந்தப் போட்டி உங்கள் முத்திரையின் கீழ் நடந்ததா, வெளியே நடந்ததா என்ற வழக்கைக் கிளப்பி நீங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஆட்டக்காரன் எந்தப் போட்டியில் ஆடலாம், எதில் ஆடலாகாது என்று ஓலை அனுப்பும் அதிகாரம் உங்களுக்கு உண்டென்றால், அவன் ஆடிய ஆட்டத்துக்குக் கூலி வந்ததா என்று கேட்கும் கடமை வேறு யாருக்கு? ரீனோ நடந்து இத்தனை வருஷம் ஆகியும், பரிசுத்தொகை முழுவதையும் முதல் பந்து உடைபடும் முன்னரே ஒரு நடுநிலையான வங்கியில் கட்ட வேண்டும் என்ற கோரிக்கையைக் கேட்டால் உங்கள் காரியாலயம் மௌனம் சாதிக்கிறதே, அது ஏன்? உடைகளைப் பற்றி ஒழுங்கு வகுத்தீர்கள். கோலின் நீளத்தைப் பற்றியும், பந்தின் எடையைப் பற்றியும் வகுத்தீர்கள். ஆட்டக்காரன் அணிந்த காலணி முறையானதா என்று பார்க்க அரங்கில் ஆள் நிற்கிறான். அமைப்பாளரின் பெட்டியில் பணம் இருக்கிறதா என்று பார்க்க ஆளில்லை.

அப்படிக் கண்டிப்புச் செய்தால் போட்டி நடத்த எவரும் முன்வரமாட்டார்கள் என்ற சமாதானத்தை உங்களைச் சூழ்ந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இல்லாத பணத்தை விளம்பரம் செய்கிறவர் முன்வராமல் போனால் நஷ்டம் யாருக்கு? நுழைவுக் கட்டணத்தை ஆட்டக்காரனிடம் கடனாக விடும் அமைப்பாளர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதில் ஒரு டாலர் குறைந்தாலும் அட்டவணையில் பெயர் ஏறாது. அறுவடைக் களத்தில் கதிரடித்தவனுக்கு அன்று மாலையே நெல் அளந்து அனுப்பும் நியாயம் எங்கள் ஊர்ப் படிக்காத மிராசுதாருக்கும் தெரிந்திருந்தது. உலகத்தின் வித்தைக்காரர்களை ஆள்கிற உங்களுக்கு அது தெரியாமலிருக்க நியாயமில்லை.

அடுத்த அறையில் ஆடப்படும் ஸ்னூக்கரைப் பாருங்கள். ஷெஃபீல்டின் குரூஸிபிள் அரங்கில் உலகச் சாம்பியனாகிறவருக்கு 5,00,000 பவுண்டு; அது பெரிதல்ல. 2022-23 பருவத்தில், அந்தத் தொழில்முறைச் சுற்றில் இடம்பெற்ற ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும், ஓர் ஆட்டம்கூட வெல்லாவிட்டாலும், 20,000 பவுண்டு வருமானத்துக்கு உறுதி அளிக்கப்பட்டது. அதே பச்சைத் துணி, அதே சுண்ணம், அதே குனிந்த முதுகு. ஒருவனுக்கு வீட்டு அடுப்பு எரியும் என்ற நிச்சயம், மற்றவனுக்கு ஏலத்தில் தன்னையே வாங்கிக்கொள்ளும் இரவு. பூலுக்கு அந்த உறுதியை நாளையே கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு வேண்டிய செல்வம் இந்த ஆட்டத்தில் இன்னும் சேரவில்லை என்பதை அறிவேன். ஆடி ஜெயித்ததையாவது கொடுக்கச் செய்யுங்கள் என்கிறேன்.

உங்களுக்கு மாதந்தோறும் ஊதியமோ, பிரயாணப்படியோ, விடுதிச் செலவோ வருகிறதல்லவா? அது எப்போதாவது ஒரு மாதம் தவறியதுண்டா? தவறியிருந்தால் எத்தனை நாள் மௌனமாக இருந்திருப்பீர்கள்? ஆட்டக்காரன் பேசமாட்டான், பேசினால் அடுத்த போட்டிக்கு அழைப்பு வராது என்ற பயம் அவனுக்கு உண்டு. எனக்கு அந்தப் பயமில்லை. அழைப்பு வர நான் ஆடுகிறவனல்லன். என் வேலை மேசையோடு முடிகிறது.

ஆகையால் அடுத்த போட்டியின் அனுமதிப் பத்திரம் கையெழுத்துக்காக உங்கள் முன் வைக்கப்படும்போது, அறிவிக்கப்பட்ட பரிசு முழுவதும் கட்டப்பட்டதற்கான வங்கிச் சீட்டு அதனோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். இணைக்கப்பட்டிருந்தால், அதை ஆட்டக்காரர் அனைவரும் பார்க்கும்படி அரங்கின் வாசலில் ஒட்டச் செய்யுங்கள். இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.

இங்ஙனம்,
பந்தாட்ட மேசைத் தொழிலாளி ஒருவன்,
சென்னை.