கப்பல் பெருத்தது, துறைமுகம் திணறுது! செலவு யார் தலையில்?

செஞ்சி:-

மலைக்கோட்டை ஊருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். நம்ம பஜாரில் தொங்குகிற சீனத்துப் பொம்மை, டார்ச் லைட் எல்லாம் இரும்புப் பெட்டியில் கப்பலேறி வந்த சரக்குதான்.

58 எங்கே, 24 ஆயிரம் எங்கே?

1956-ல் அமெரிக்க லாரி முதலாளி மால்கம் மெக்லீன் ஒரு கப்பலில் ஏற்றியது 58 பெட்டி. 2025 ஜூன் 9-ந் தேதி கேரளாவின் விழிஞ்ஞத்துக்கு வந்த 'எம்.எஸ்.சி. ஐரினா' 24 ஆயிரத்து 346 பெட்டி சுமக்கும். நீளம் 400 மீட்டர். அகலம் 61 மீட்டர். அம்மாடி!

கப்பல் பெருத்தால் பெட்டிக்கு ஆகும் செலவு குறையும். அது கப்பல் கம்பெனிக்கு லாபம். துறைமுகத்துக்கோ மூன்று தலைவலி.

ஒன்று, ஆழம். முழுச் சுமையோடு இந்த மாதிரிக் கப்பல் மிதக்க 16 மீட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். விழிஞ்ஞத்தில் அது இயற்கையிலேயே இருக்கிறது. மற்ற இடங்களில் தோண்டணும். மண் மூடினால் மறுபடி தோண்டணும். தூத்துக்குடியில் 2024-ல் திறந்த புது முனையத்துக்கு ஆழம் 14.2 மீட்டர்.

இரண்டு, கிரேன். கப்பலின் அந்தக் கோடி வரைக்கும் கை நீளணும்.

மூன்று, ரோடு. ஒரே கப்பல் ஆயிரக்கணக்கில் பெட்டியை இறக்கினால் அத்தனைக்கும் லாரி வேண்டாமா?

இரண்டு அடிக்கல்!

சென்னையில் பெட்டி முனையம் வந்தது 1983-ல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நெரிசலான நகரம். துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல். கூவத்தில் தூண் நடுகிற தகராறில் 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் மறுபடி அடிக்கல். அந்த 13 வருஷத்தில் உலகின் பெரிய கப்பல் சுமார் 15 ஆயிரம் பெட்டியிலிருந்து 24 ஆயிரத்துக்கு வளர்ந்துவிட்டது! கல் நட்ட இடத்திலேயே நின்றது, கப்பல் நிற்கவில்லை.

பழைய கதைதான்

1690-ல் செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராம், கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். அந்தக் காலத்தில் இந்தக் கரையில் பெரிய கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும்; சரக்கு படகில் வரும்.

இன்றும் நடப்பது கிட்டத்தட்ட அதே. தாய்க் கப்பல் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ நிற்கும். அங்கிருந்து சின்னக் கப்பல் பெட்டியை இங்கே கொண்டு வரும். இரண்டு தரம் ஏற்றி இறக்கினால் கூலி சும்மாவா? ஏற்றுமதிக்காரரும் இறக்குமதிக்காரரும் முதலில் கொடுக்கிறார்கள். அப்புறம் அது பில்லில் ஏறி செஞ்சிக் கடைக்கு வருகிறது.

கடலைத் தோண்டினால் மட்டும் போதாது. பெட்டி கேட்டைத் தாண்டி ஓட ரோடும் வேண்டும். அதுவரை கப்பல் கம்பெனி மிச்சம் பிடிக்கிற காசை, கியூவில் காத்து நிற்கிற லாரிக்காரரும் கடையில் சாமான் வாங்குகிற நாமும்தான் கொடுத்துக்கொண்டிருப்போம்.