பைல் உங்களுடையது, அதன் லேஅவுட் யாரிடம்?

வங்கிகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், விமான நிறுவனங்கள் பலவற்றின் பெரிய கணக்குகள் மெயின்பிரேம் கம்ப்யூட்டர்களில்தான் இருக்கின்றன. நம்மில் பலர் இதனை நேரில் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களிலிருந்து படித்து முடித்து, சென்னைக்கும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கும் வேலைக்குச் சென்ற பிள்ளைகளில் சிலருக்கு இது பழக்கமான இயந்திரம். அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. எந்த டேட்டா பைலையும் தொடுவதற்கு முன், "இதன் லேஅவுட் எங்கே?" என்று கேட்பார்கள். வீட்டிலும் கடையிலும் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நாமும் இதே கேள்வியைக் கேட்கப் பழகிட வேண்டும் என்பதே என் கருத்து.

லேஅவுட் என்றால் என்ன?

எக்ஸெல் தொகுப்பில் ஒரு பட்டியலைத் திறந்தால், மேலே பெயர், முகவரி, தொகை என்று தலைப்புகள் இருக்கும். மெயின்பிரேம் பைலில் பெரும்பாலும் தலைப்பும் இருக்காது; ஒரு தகவலையும் அடுத்ததையும் பிரிக்கும் காற்புள்ளியும் இருக்காது. எல்லாம் ஒட்டி வரும். எடுத்துக்காட்டாக, 00451200125050 என்று ஒரு வரி இருக்கிறது. இதன் பொருள் என்ன? முதல் 6 இடங்கள் வாடிக்கையாளர் எண், அடுத்த 8 இடங்கள் தொகை, அதில் கடைசி இரண்டு இடங்கள் பைசா என்று ஒருவர் சொன்னால், 4512 எண் கொண்டவரின் கணக்கில் ரூ.1,250.50 என்று புரியும். பைசா பற்றிய குறிப்பு இல்லாவிட்டால் அதே தொகை ரூ.1,25,050 ஆகிவிடும். தசமப் புள்ளி பைலில் எங்கும் இல்லை. அது குறிப்பில் மட்டுமே இருக்கிறது.

இந்தக் குறிப்புதான் ரெக்கார்ட் லேஅவுட். கோபால் மொழியில் புரோகிராம் எழுதுபவர்கள் இதனை காப்பிபுக் என்ற தனி பைலாக வைத்திருப்பார்கள். பைல்-எய்ட், ஐபிஎம் பைல் மேனேஜர் போன்ற சாப்ட்வேர்கள் இந்தக் காப்பிபுக்கை டெம்ப்ளேட்டாக எடுத்துக் கொண்டு, ஒவ்வொரு தகவலையும் அதன் பெயருடன் பிரித்துக் காட்டும். அங்கேயே திருத்தவும் செய்திடலாம்.

டெம்ப்ளேட் இல்லாமல் பார்த்தால்?

ஐபிஎம் நிறுவனம் 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையுடன் எப்சிடிக் என்ற எழுத்துக் குறியீடு வந்தது. நம் பெர்சனல் கம்ப்யூட்டரின் ஆஸ்கி குறியீட்டில் ஆங்கில 'ஏ' எழுத்தின் எண் 65, எப்சிடிக்கில் 193. எனவே மெயின்பிரேம் பைலை அப்படியே நம் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்து திறந்தால் கிறுக்கல்தான் தெரியும். எண்களையும் நெருக்கி வைத்திருப்பார்கள். ஒரு பைட்டில் இரண்டு இலக்கங்கள், கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்ற அடையாளம் என, 12345 என்ற எண் மூன்றே பைட்டுகளில் அடங்கிவிடும். இதற்குப் பேக்டு டெசிமல் என்று பெயர். கண்ணால் பார்த்துப் படிக்க முடியாது.

திருத்துவது இன்னும் ஆபத்து. நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்தால், அதன் பின் உள்ளவை எல்லாம் ஓரிடம் தள்ளிப் போகும். எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து நுழைந்துவிட்டால், அந்த எண்ணைக் கூட்ட முயலும் புரோகிராம் எஸ்0சி7 என்ற பிழையுடன் நின்றுவிடும். டெம்ப்ளேட் வழியாகத் திருத்தினால் இது போன்ற தவறுகள் பெரும்பாலும் வாசலிலேயே தடுக்கப்படும். ஆனால் டெம்ப்ளேட்டே தவறாக இருந்தால், தவறான எண் சரியான எண் போலவே தோன்றும். எனவே லேஅவுட் இருந்தால் மட்டும் போதாது. அது அந்த பைலுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும்.

நம் ஊர் ஆதாரத்திலும் இதே கதை

இது ஏதோ பெரிய கம்பெனி விஷயம் என்று ஒதுக்கிட வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த பகுதி. அன்றைய நில ஆதாரங்களில் கொல்லம் ஆண்டு எழுதப்பட்டிருக்கும். 1115 என்று இருந்தால் அது 1939 ஆகஸ்ட் முதல் 1940 ஆகஸ்ட் வரையிலான ஆண்டு. வீட்டில் பழைய ஆதாரங்களைக் கம்ப்யூட்டரில் பட்டியலிடும்போது, "ஆண்டு" என்ற தலைப்பின் கீழ் 1115, 1962 என இரண்டையும் கலந்து போட்டால், வரிசைப்படுத்தும்போது கம்ப்யூட்டர் இரண்டுக்கும் இடையே 847 ஆண்டுகள் என்றே கணக்கிடும். உண்மையில் இடைவெளி 22 அல்லது 23 ஆண்டுகள்தான். நெல் கணக்கில் 12 என்று மட்டும் எழுதினால், அது கோட்டையா, குவிண்டாலா? இன்று உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரனுக்குத் தெரியுமா?

ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதி வைத்ததால், 2000-ஆம் ஆண்டு நெருங்கியபோது உலகமே ஒய்2கே பிரச்னையில் தவித்தது. அதனைச் சரி செய்ய உட்கார்ந்த நம் நாட்டு புரோகிராமர்கள், எந்த பைலில் எந்த இடத்தில் தேதி இருக்கிறது என்றுதான் முதலில் தேட வேண்டியிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது

கடைக்கு பில்லிங் சாப்ட்வேர் வாங்குகிறீர்கள். ஐந்து ஆண்டு சரக்கு, கடன் கணக்கு எல்லாம் அதில் சேர்ந்துவிடுகிறது. எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டுவிட்டால் என்ன செய்வீர்கள்? பைல் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும், படிக்க முடியாது. "லேஅவுட் எங்கள் தொழில் ரகசியம்" என்று சிலர் சொல்லக்கூடும். புரோகிராம் அவர்களுடையது, சரி. கணக்கு உங்களுடையது. எனவே பணம் கொடுக்கும் முன், எந்தப் பைலில் எந்தத் தகவல் எந்த வடிவில் இருக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றையும் சிஎஸ்வி பைலாக வெளியே எடுக்கும் வசதி உண்டா என்றும் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அந்த சிஎஸ்வி பைலை எக்ஸெல்லில் நேரடியாகத் திறக்கும்போதும் கவனம் தேவை. 004512 என்பது 4512 ஆக மாறிவிடலாம். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறிப்பிட்டு இம்போர்ட் செய்திட வேண்டும். திருத்துவதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைப்பதும் அவசியம்.

பழைய தமிழ் பைல்களுக்கும் இதுவே விதி. பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று முன்பு பல குறியீடுகள் புழங்கின. யூனிகோடு வருமுன் டைப் செய்த கடிதம், உரிய எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எழுத்துருவின் பெயர்தான் அந்த பைலுக்கு லேஅவுட். அது தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிக் கொள்ளலாம்.

இதற்குப் பெரிய சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. டேட்டா இருக்கும் அதே போல்டரில், நோட்பேடில் ஒரு சிறு குறிப்பு எழுதி சேமித்திடுங்கள். ஒவ்வொரு தலைப்பும் எதைக் குறிக்கிறது, அளவு என்ன, ஆண்டு எந்த ஆண்டு, எழுத்துரு எது என்று பத்து வரிகள் போதும். பேக்அப் எடுக்கையில் அதுவும் சேர்ந்தே வரட்டும். பைலை மட்டும் காப்பாற்றி, அதனைப் படிக்கும் வழியைத் தொலைத்தவர், பூட்டைப் பத்திரமாக வைத்துக் கொண்டு சாவியைத் தொலைத்தவர்தான்.