அமைச்சர் இல்லாத மாகாணம்

மத்திய மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது. அன்று முதல் இந்த மாகாணத்துக்கு முதலமைச்சர் இல்லை, அமைச்சர் வாரியம் இல்லை, 58 உறுப்பினர்களில் ஒருவரும் இல்லை. நிர்வாகம் மட்டும் நடக்கிறது. ஜனாதிபதி நியமித்த ஆளுநர் கையெழுத்திடுகிறார், செயலாளர்கள் சுற்றறிக்கை அனுப்புகிறார்கள், நிதி வருகிறது, செலவாகிறது. மக்கள் தெரிவு செய்யாதவர்கள் மக்களின் பெயரால் ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டுவிட்டார்கள். இதைத் தாமதம் என்று சொல்வது பொய். இது வாக்குரிமைப் பறிப்பு.

நானுஓயாவில் இருப்பவர்களுக்கு இது கொழும்பு அரசியல் அல்ல. டெஸ்போட், எடின்பரோ போன்ற தோட்டங்களைச் சுற்றியுள்ள பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய், பதிலுக்கு ஆள் வராவிட்டால் பெற்றோர் அதிபரிடம் போவார்கள். அதிபர் நுவரெலியா வலயக் கல்விப் பணிமனையைக் காட்டுவார். அங்கே கண்டியைக் காட்டுவார்கள். கண்டிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும். போனாலும், அடுத்த தேர்தலுக்குப் பயந்தாவது பதில் சொல்ல வேண்டிய ஒருவர் அங்கே இல்லை. சபை இருந்த காலத்தில் தோட்டத் தலைவரிடம் சொன்னால் அது மாகாண சபை உறுப்பினரின் காதுக்கு எட்டும். அவர் சபையில் எழுந்து கேட்டால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.

1987ஆம் ஆண்டு இலங்கை - இந்திய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வந்த 13ஆவது திருத்தம், ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு முதலமைச்சரையும் அவருடன் நான்குக்கு மேற்படாத அமைச்சர்களையும் கொடுத்தது. ஐந்தே பேர் கொண்ட அந்தச் சின்ன வாரியத்துக்குள் மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென ஒரு பொறுப்பு இருந்தது. அனுஷியா சிவராஜா, எம். ராமேஸ்வரன் போன்றோர் அதை வகித்தார்கள். அவர்கள் எவ்வளவு செய்தார்கள் என்பதில் வாதம் இருக்கலாம். ஆனால் யாரைக் குறை சொல்வது என்பதாவது அன்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

மாகாண சபைகளைக் கொன்ற விதம்தான் மன்னிக்க முடியாதது. 2017 செப்டெம்பரில் பெண்களின் பிரதிநிதித்துவத்துக்கென்று கொண்டுவந்த சட்டமூலத்தில், குழு நிலையில் புதிய தேர்தல் முறையையே நுழைத்தார்கள். எல்லை நிர்ணயம் முடிந்தால்தான் தேர்தல் என்றானது. எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையில் தேர்தல் நடத்தலாமா என்று கேட்டபோது, முடியாதென்று 2019இல் உயர் நீதிமன்றம் கருத்துரைத்தது. பழைய வாசலை இடித்துவிட்டு, புதிய வாசலைக் கட்டாமலே வீட்டைப் பூட்டியதுபோல ஆயிற்று.

1988ஐ நினைத்துப் பாருங்கள். வாக்களித்தால் சுடுவோம் என்று ஜே.வி.பி. மிரட்டிய நாட்களிலும் அந்த ஆண்டு மாகாண சபைத் தேர்தல்கள் நடந்தன. மலையகத்தில் நாடற்றோராக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். துப்பாக்கி முனையில் நடந்த தேர்தல் சமாதான காலத்தில் நடக்கவில்லை என்றால், குறை சூழ்நிலையில் இல்லை, மனதில் இருக்கிறது. அன்று மிரட்டிய கட்சி இன்று ஆளும் அணிக்குத் தலைமை தாங்குகிறது. ஓராண்டுக்குள் தேர்தல் என்று 2024 விஞ்ஞாபனத்தில் எழுதியதும் அதே அணிதான்.

மாகாண சபை ஒரு வெள்ளை யானை என்போர் உண்டு. அப்படியானால் யானையை ஆளுநர் ஓட்டும்போது மட்டும் அது தீனி தின்னாதா? கட்டடங்கள், வாகனங்கள், திணைக்களங்கள், சம்பளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இல்லாமல் போனது கேள்வி கேட்பவர்கள் மட்டுமே.

வேல்ஸ் நாட்டுக்குத் தனிச் சபை வேண்டுமா என்று 1997இல் கேட்டபோது, வேண்டும் என்ற தரப்பு வென்றது வெறும் 6,721 வாக்குகளால். கிட்டத்தட்டப் பாதிப் பேர் விரும்பாத சபை அது. ஆரம்பத்தில் அதிகாரமும் சொற்பம்தான். ஆனாலும் 1999 முதல் தேர்தல்கள் தவறாமல் நடந்தன. 2021இல் கொரோனாவுக்கு நடுவிலும் நடந்தது. அமைச்சர்கள் வந்தார்கள், திட்டு வாங்கினார்கள், போனார்கள். 2011இல் சட்டமியற்றும் முழு அதிகாரம் வேண்டுமா என்று மீண்டும் கேட்டபோது மக்கள் தெளிவான பெரும்பான்மையுடன் ஆம் என்றார்கள். ஒரு சபை நடந்து காட்டித்தான் நம்பிக்கையைச் சம்பாதிக்கும். நம் சபைகளுக்கு அந்த வாய்ப்பையே மறுத்துவிட்டு, அவற்றால் பயனில்லை என்று தீர்ப்பும் சொல்கிறார்கள்.

மலையகக் கட்சிகளும் இந்தப் பழியிலிருந்து தப்ப முடியாது. 2017இல் ஆட்சியில் பங்கிருந்தவர்கள் அந்தச் சட்டத்தைத் தடுக்கவில்லை. வெளியே இருந்தவர்கள் வீதிக்கு வரவில்லை. சம்பளத்துக்காக மறியல் செய்யத் தெரிந்த தொழிற்சங்கங்களுக்கு, சபைக்காக ஒரு நாள் வேலைநிறுத்தம்கூடத் தோன்றவில்லை. கொழும்பில் ஓர் அமைச்சுப் பதவி கிடைத்தால் போதும், கண்டியில் சபை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்ற கணக்குத்தான் இதற்குக் காரணம். பாடசாலையும் கிராமப்புற வைத்தியசாலையும் மாகாணத்தின் கையில் இருக்கும்போது, அந்தக் கணக்கு தோட்ட மக்களுக்குச் செய்த துரோகம்.

2017இல் அந்தச் சட்டத்துக்கு விழுந்த வாக்குகள் 159. 2024 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வென்ற ஆசனங்களும் 159. அதாவது, அன்று செய்த குற்றத்தைத் திருத்த இன்றைய ஆளும் தரப்புக்கு எவர் கையையும் எதிர்பார்க்கத் தேவையில்லை. பழைய விகிதாசார முறையையாவது மீட்டு, தேர்தல் திகதியை அறிவிக்கட்டும். புதிய அரசியலமைப்பு வரும்வரை பொறுங்கள் என்ற பதிலை இனி ஏற்பதற்கில்லை. அறிவிக்காவிட்டால், முன்னைய அரசுகளின் சூழ்ச்சிக்கு இந்த அரசும் உடந்தை என்றே மலையகம் எழுதிவைக்கும்.