பத்து கோலுக்குப் பிறகும் ஒரு பயிற்சியாளர்

2025 ஜூலையில் இந்தியக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடியபோது, பார்சிலோனாவின் சாவி விண்ணப்பித்திருப்பதாகச் செய்தி வந்தது. அது போலி மின்னஞ்சல் என்று விரைவிலேயே தெரிந்தது. சிரித்துவிட்டுக் கடந்துபோனோம். ஆனால் ஒரு கணமேனும் அதை நம்ப விரும்பிய நம் மனதையல்லவா நாம் விசாரித்திருக்க வேண்டும்?

நமக்குத் தேவைப்படுவது பயிற்சியாளர் அல்ல, மீட்பர். ஐந்தாண்டு இருந்த ஸ்டிமாச் 2024இல் நீக்கப்பட்டார். மனோலோ மார்க்கெஸ் ஓராண்டில் விலகினார். ஐசால் அணியை 2017இல் ஐ-லீக் வெல்லவைத்த காலித் ஜமீல் 2025 ஆகஸ்டில் வந்தார். நம்மவர் என்று பூரித்தோம். அக்டோபரில் சிங்கப்பூரிடம் 1-2 எனத் தோற்று 2027 ஆசியக் கோப்பை வாய்ப்பு பறிபோனதும், அவரையும் சந்தேகிக்கத் தொடங்கினோம்.

ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியர் சையத் அப்துல் ரஹீமை நினைத்துப் பார்ப்போம். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் அவரது அணி யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்றது. இன்றைய நம் நியாயப்படி அன்றே அவர் கதை முடிந்திருக்கும். முடியவில்லை. அதனால்தான் 1956 மெல்போர்னில் நான்காம் இடமும் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கமும் வாய்த்தன.

மஞ்சக்குட்டையின் மலைச்சரிவில் உருண்டோடும் பந்தைத் துரத்தும் சிறுவனுக்குச் சாவி வேண்டியதில்லை. ஒரு சமதளமும், மாலைதோறும் வரும் ஓர் ஆசிரியரும் போதும். அதைக் கேட்காத நமக்கு, ஆண்டுக்கொரு பயிற்சியாளரைத் தூற்ற என்ன உரிமை இருக்கிறது?