தலைவிதியா, தார்ச்சாலையா?

"சாலையைக் கடக்க முயன்றவர் லாரி மோதி மாண்டார்." ஏட்டைப் புரட்டினால் நாள்தோறும் இதே வரி. முயன்றாராம்! மறுபக்கம் செல்ல விரும்பியதே குற்றம் போலும். உற்றார் 'விதி' என்று அழுகின்றனர். ஊரார் 'கவனக்குறைவு' என்று முடிக்கின்றனர். வீதியை வகுத்தவரை வினவுவார் இல்லை.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவருள் 32,825 பேர் நடந்து சென்றோர். அரசே தந்த கணக்கு இது. அத்தனை தலைகளிலும் ஒரே எழுத்தையா எழுதினான் பிரம்மன்?

விதியை விடுத்து வீதியை அளப்போம், தோழர்களே! நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் செல்வார் என்பது பொறியாளர் கொள்ளும் கணக்கு. அதன்படி 18 மீட்டர் சாலைக்கு 15 நொடி. மூட்டுவலியோடு நொடிக்கு 0.8 மீட்டர் நகரும் மூதாட்டியோ, விளக்கு மாறும்போது இன்னும் 6 மீட்டர் மிச்சமிருக்க நடுத்தெருவில் நிற்பார். எதிரே வரும் ஊர்தியின் வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால் அது மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். நாம் இலக்கியம் கற்றவர்தாம். எனினும் இதை அறிய ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நூலே போதும்.

'நடைமேம்பாலம் கட்டினோமே, ஏறாதது யார் குற்றம்?' என்பர். என்னே நீதி! காலை அசைக்காமல் செல்வோனுக்குச் சமதளம். கால்களையே நம்பியவனுக்கு மாடிப்படி! கூடைக்காரி ஏற வேண்டும், கருவுற்றவள் ஏற வேண்டும், சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டோடு கிடக்க வேண்டும். பிறப்பில் மேல்கீழ் கற்பித்ததை எதிர்த்த நாம், சாலையில் முளைத்த இந்தப் புது வருணாசிரமத்தைச் சகிப்பதா?

நாம் பணியாற்றும் பள்ளியின் முன்னும் வெள்ளைக்கோடுகள் இருந்தன, தேய்ந்தன. மாலை மணி அடித்ததும் நாம் கைகளை விரித்து நிற்கிறோம். பிள்ளைகள் ஓடிக் கடக்கின்றனர். ஆசிரியனின் இரு கைகள்தாமா ஒரு மாநகரின் பாதுகாப்புத் திட்டம்?

கடக்குமிடத்தை நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்தினால் ஊர்தி தானே தணியும். நடுவே ஒரு திட்டு அமைத்தால் மூதாட்டி நின்று, மூச்சுவாங்கி, மீதியைக் கடப்பார். பாதிக்கு மேற்பட்ட தெருக்களில் வேகத்தை 30 கிலோமீட்டருக்குள் அடக்கிய ஹெல்சிங்கி நகரில் 2024 ஜூலை தொடங்கி ஓராண்டு காலம் சாலையில் ஒரு சாவும் இல்லை. சென்னை மாநகராட்சியும் 2014இல் நடப்போர்க்கு முதன்மை தரும் கொள்கையை ஏற்றது. 2019இல் பாண்டி பசாரில் அகன்ற நடைபாதையும் கண்டது. கடைவீதிக்கு முடிந்தது பள்ளி வாசலுக்கு ஏன் முடியவில்லை?

இந்த வினாவோடு அவரவர் வட்டத்து மாமன்ற உறுப்பினரிடம் செல்வோம். கையில் அளவுநாடாவும் கடிகாரமும் இருக்கட்டும்.