சவுக்குக்கு யூரியா தேவைதானா?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில், கடற்கரையை நெருங்க நெருங்க, மணற்பாங்கான நிலங்களில் சவுக்குத் தோப்புகள் மிகுதி. விழுப்புரம் மாவட்ட உழவர் பலருக்கு அது பணப்பயிர். மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டிக் கம்பாகவும், விறகாகவும், காகித ஆலைக்கும் விற்கிறார்கள். மரம் விரைந்து உயரட்டும் என்று யூரியாவை அள்ளிப் போடுவோரும் உண்டு. இது வீண் செலவு என்பதே என் கருத்து.

பச்சையமும் புரதமும் உருவாக நைட்ரஜன் வேண்டும். அது குறைந்தால் இலை வெளிறும், வளர்ச்சி குன்றும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும், அதன் அணுக்கள் இறுகப் பிணைந்திருப்பதால் மரத்தால் நேரே எடுக்க முடியாது. வேர்க்கடலைக்கு ரைசோபியம் பாக்டீரியா உதவுவதை நீங்கள் படித்திருப்பீர்கள். சவுக்கோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதன் வேர்களிலும் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் ஃபிராங்கியா என்னும் இழை வடிவ நுண்ணுயிர் காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. கூலியாக மரத்திடம் சர்க்கரை பெறுகிறது. இவ்வினத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் வேறொரு செடியின் வேர்முடிச்சிலிருந்து முதன்முதலாகத் தனியே பிரித்து வளர்த்தனர்.

மண்ணில் யூரியா மிகுந்தால் என்ன ஆகும்? கடையில் சோறு கிடைக்கும்போது வீட்டில் உலை வைப்பானேன்? வேர்முடிச்சுகள் குறைந்துவிடும். எஞ்சிய யூரியா நைட்ரேட்டாக மாறி, மணலில் எளிதாக இறங்கிக் கிணற்று நீரில் கலக்கும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்தியத் தர அளவு.

“முடிச்சு தோன்றும் வரை இளங்கன்று எதை உண்ணும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடக்கத்தில் சிறிதளவு நைட்ரஜன் உதவும். சவுக்கே வளராத நிலத்தில் ஃபிராங்கியா இல்லாமலும் போகலாம். அதற்கு வழி நாற்றங்காலிலேயே இருக்கிறது: பழைய தோப்பின் வேர்முடிச்சுகளை நசுக்கி நாற்று மண்ணில் கலப்பது. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்கு ஆற்றல் மிகுதியாகத் தேவை. ஆகவே மணிச்சத்தும் போதிய அளவு வேண்டும். உதிர்ந்த சருகை முழுவதும் அள்ளி எரிக்காமல் விட்டால், அதிலுள்ள நைட்ரஜன் மண்ணுக்கே திரும்பும்.

மாணவர்களே, உங்கள் வீட்டார் சவுக்குக் கன்று வாங்கினால் வேரை உற்றுப் பாருங்கள். சிறு முடிச்சுகள் திரளாகத் தெரிந்தால், அக்கன்று தன் உரத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்று சொல்லுங்கள். ஒரு மூட்டை யூரியாவின் விலை மிஞ்சும். ஊர்க் கிணறும் தப்பும்.