பட்டியல் போதும்

ஜூன் பிறந்தால் பல வகுப்புகளின் கரும்பலகையில் ஒரே காட்சிதான். மேலே 'கெட்' என்று எழுதி, அதன் கீழே கெட் அப், கெட் ஓவர், கெட் பை, கெட் அவே என்று பலகை நிறைய வரிகள், எதிரே தமிழ்ப் பொருள். அடுத்த வாரம் 'புட்', அதற்கடுத்த வாரம் 'டேக்'. பொதுத்தேர்வின் ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது கைகொடுக்கலாம். ஃப்ரேசல் வெர்பைக் கற்பிக்க இது உதவாது என்பதே எங்கள் கருத்து. ஒரே வினையில் தொடங்கும் பத்துப் பன்னிரண்டு சொற்களை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருள்களோடு ஒரே நாளில் கொட்டினால் அவை மாணவர் மனத்தில் சிக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வாய்த்ததல்ல. வினையோடு ஒட்டிவந்து அதன் பொருளையே மாற்றிவிடும் இந்தச் சின்னஞ்சிறு இடைச்சொற்கள்தான் அயல்நாட்டாருக்குப் பெரும் இடர் என்று சாமுவேல் ஜான்சன் 1755-ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையிலேயே குறித்துவிட்டார். ஆனால் இடர் நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிதல்ல. பிரிட்டிஷ் தேசியத் தரவகத்தின் 10 கோடிச் சொற்களை ஆராய்ந்த கார்ட்னரும் டேவிஸும் 2007-இல் ஒன்றைக் காட்டினார்கள்: 20 வினைகளும் 8 இடைச்சொற்களும் தமக்குள் சேர்ந்து உண்டாக்குபவையே ஃப்ரேசல் வெர்ப் பயன்பாட்டில் பாதிக்கு மேல். 2015-இல் கார்னியே, ஷ்மிட் இருவரும் அதிகம் புழங்கும் 150-ஐ மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையில் தேவைப்படும் ஓரிரண்டு பொருள்களை மட்டும் நிறுத்தி ஒரு தொகுப்பு தந்தார்கள். கைடு புத்தகத்தின் ஆயிரம் சொல் பட்டியலைத் தூக்கி வைத்துவிட்டு இதை மேசையில் வைத்துக்கொள்ளலாம்; மாணவர் கையில் கொடுக்க அல்ல, ஆசிரியர் தேர்ந்தெடுக்க.

நம் மாணவர் வெறுங்கையோடும் வருவதில்லை. லாக்கப், மேக்கப், கெட்டப், பிக்கப், பில்டப், செக்கப், கட்அவுட் எல்லாம் ஆங்கிலம் படிக்காதவர் வாயிலும் புழங்குபவை. பெங்களூரில் முகவரியிலேயே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பி.டி.எம். லேஅவுட், எச்.எஸ்.ஆர். லேஅவுட் என்று தினமும் சொல்லும் பிள்ளைக்கு, 'லே அவுட்' என்பது ஒரு வினை, மனைகளை வகுத்துப் பரப்பியதால் வந்த பெயர் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? பாடத்தை அங்கிருந்து தொடங்கலாம்.

சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இச்சொற்கள் நம் மொழிகளுக்குள் பெயர்ச்சொல்லாக உறைந்தே வருகின்றன. வினையாக்க நாம் 'பண்ணு' சேர்க்கிறோம், கன்னடத்தார் 'மாடு' சேர்க்கிறார்கள், தெலுங்கர் 'சேயி' சேர்க்கிறார்கள். மூன்று வீட்டுமொழிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரும் பெங்களூர் வகுப்பில் பிழையும் அதனால் ஒரே மாதிரி வருகிறது. சில சொற்களில் ஆங்கில வினை கழன்று விழுந்து இடைச்சொல் மட்டும் மிஞ்சுகிறது: ஃபேனை ஆஃப் பண்ணு, லைட்டை ஆன் பண்ணு. பிள்ளை ஆங்கிலம் பேசும்போது 'பண்ணு'வும் போய்விட, 'ஆஃப் த ஃபேன்' என்று வருகிறது. அதைக் கவனக்குறைவு என்று திட்டுவதில் பயனில்லை. தாய்மொழி இலக்கணத்தின்படி பிள்ளை போட்ட கணக்கு சரியானதே.

வளர்ந்த பிறகும் இது விடுவதில்லை. மென்பொருள் அலுவலகங்களின் மின்னஞ்சல்களில் 'பேக்கப்ட்', 'லாகின்ட்', 'ஃபாலோஅப்ட்' எல்லாம் காணக்கிடைக்கும். சொல் உறைந்துபோனதால் இறந்தகால விகுதி அதன் வாலில் போய் ஒட்டிக்கொள்கிறது. உடைத்துக் காட்டினாலே பாதி வேலை முடிந்தது: பெயராக நின்றால் பேக்கப், வினையானால் பேக்ட் அப், நடுவில் சொல் நுழைந்தால் பேக் இட் அப். 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தவறு என்ற விதியையும் இங்கேயே சேர்த்துவிடலாம். 'லுக் ஆஃப்டர்' போன்றவை இப்படிப் பிரியா என்பதையும் உடனே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த நாளே 'லுக் ஹர் ஆஃப்டர்' கேட்க நேரும். பேச்சுப் பயிற்சி தருவோருக்கு ஒரு குறிப்பு: பெயராக நிற்கும்போது அழுத்தம் முதற்பகுதியில் விழும், வினையாகும்போது இடைச்சொல்லும் அழுத்தம் பெறும். நம்மவர் இரண்டையும் ஒரே தட்டில் உச்சரிப்பதால் தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் திணறுகிறார்.

கூட்டினால் பொருள் மாறும் என்பது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதா என்ன? 'விட்டுக்கொடு' என்பதில் கையால் கொடுப்பது எதுவுமில்லை, 'கண்டுபிடி' என்பதில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு முறை இதைச் சுட்டினால் போதும். வாரக்கணக்கில் ஒப்பிலக்கணம் நடத்த வேண்டாம்.

பிறகு எப்படித்தான் கற்பிப்பது? விடையின் பெரும்பகுதி பெங்களூரின் பெயரிலேயே உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறது. அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு, பெங்களூரின் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர் பள்ளிகளில் நடத்தியதுதான் 'பெங்களூர் புராஜெக்ட்'. இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம் என்று ஏதாவது ஒன்றை வைத்து யோசிக்க வேலை கொடுத்தார்கள். ஆசிரியர் முழு வகுப்போடும் ஒன்றைச் செய்துகாட்டுவார். அதே போன்ற இன்னொன்றை மாணவர் தாமே செய்வார். வாக்கியம் பிசகினாலும் விடை சரியாக இருந்தால் மதிப்பெண் உண்டு. பெரெட்டாவும் டேவிஸும் 1985-இல் வெளியிட்ட மதிப்பீடு இம்முறைக்கு ஓரளவு ஆதரவே தந்தது, அடித்துச் சொல்லவில்லை. அத்திட்டம் ஃப்ரேசல் வெர்பைக் குறிவைத்ததும் அல்ல. ஆனால் ஃப்ரேசல் வெர்ப் போலப் பேச்சுச் சூழலில் ஊறிக் கிடக்கும் சொற்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எங்களுக்குத் தெரியவில்லை.

நம்ம மெட்ரோவின் வரைபடத்தை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். பையப்பனஹள்ளியில் ஏறி ஜெயநகர் போக வேண்டும். எங்கே இறங்கி மாறுவது, எத்தனை மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும், கார்டில் காசு தீர்ந்தால் என்ன செய்வது, பாட்டியை ஸ்டேஷனிலிருந்து யார் கூட்டிவருவது? இதைப் பேசி முடிப்பதற்குள் கெட் ஆன், கெட் ஆஃப், செட் அவுட், ரன் அவுட் ஆஃப், பிக் அப் ஆகியவை பல முறை புழங்கிவிடும். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த ஐந்தையும் பலகையில் எழுதி, எது பிரியும் எது பிரியாது என்று காட்டுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைப் பிரபு ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். வளர்ந்த மாணவருக்கு அது தேவை என்பது எங்கள் நிலைப்பாடு.

திருத்துவதிலும் ஓர் அளவு வேண்டும். 'கோப் அப் வித்' என்பது கீப் அப் வித், கேட்ச் அப் வித் ஆகியவற்றின் சாயலில் பிறந்தது. எழுத்தில் திருத்துங்கள், பேச்சில் இடைமறிக்க வேண்டாம். பட்டம் பெற்றதை 'பாஸ்டு அவுட்' என்பதைக் கேலி செய்வோர், பரங்கிமலை ராணுவப் பயிற்சி அகாடமியின் அணிவகுப்பு எந்தப் பெயரில் நடக்கிறது என்று பார்க்கட்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் மட்டும் 'கிராஜுவேட்டட்' என்று எழுதச் சொல்லுங்கள். 'புட் ஆஃப்' தெரிந்தும் ஒரு மாணவர் 'போஸ்ட்போன்' என்றே எழுதினால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். தாய்மொழியில் இவ்வகை வினை இல்லாதவர்கள் இப்படித் தவிர்ப்பதை ஹீப்ரு மாணவர்களிடம் டகுட்டும் லாஃபரும் 1985-இலேயே கண்டார்கள். கேட்டால் புரிய வேண்டும், அது முதல் தேவை. பயன்படுத்துவது பின்னால் வரட்டும்.

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு வகுப்பிலாவது பட்டியலை நிறுத்திவிட்டு இப்படி ஒரு வேலையை நடத்திப் பாருங்கள். மாணவர்கள் எந்தச் சொல்லைத் தாமாகத் திருப்பிச் சொன்னார்கள், எதில் தடுக்கினார்கள் என்று இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். சரியாக வராத வகுப்புகளைப் பற்றிய கடிதங்களுக்கே முதலிடம் தருவோம்.